ஜன்னலை மாற்றினால் மின்கட்டணம் குறையுமா?

சென்னையில் பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்கும் பேச்சு வந்தால் கூடவே இந்தக் கேள்வியும் வந்துவிடும்: மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டு யுபிவிசி போட்டுவிடலாமா? விற்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், ஏசி செலவு மிச்சமாகும் என்பது. அதிலும் இரட்டைக் கண்ணாடி போட்டால் சில ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்பார்கள். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நாலுக்கு நாலடி ஜன்னல் என்றால் சுமார் 1.5 சதுர மீட்டர். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒற்றைக் கண்ணாடி வழியே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5.7 வாட் வெப்பம் உள்ளே வரும். இரட்டைக் கண்ணாடியில் 2.8 வாட். வெளியே 36 டிகிரி, அறைக்குள் 26 என்று வைத்துக்கொண்டால், மிச்சமாகும் வெப்பம் 45 வாட்டுக்குள். அதை வெளியேற்ற ஏசிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். தினம் எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 240 நாள் ஓடினாலும் 30 யூனிட்டைத் தாண்டாது. யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 240 ரூபாய். சென்னையின் இரவுகளில் 36 டிகிரி இருப்பதில்லை என்பதால் உண்மையான மிச்சம் இன்னும் குறைவு. வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்று மாதக்கணக்கில் இரவு பகலாகச் சூடேற்றும் ஊர்களுக்குப் பொருந்தும் கணக்கை இங்கே விற்கிறார்கள். பழைய கதவிடுக்கில் ஏசி குளிர் கசிவது உண்மைதான். அதற்கு ரப்பர் பீடிங் ஒட்டினாலே போதும்.

நம் வீட்டைக் கொதிக்க வைப்பது வெயில். சித்திரை மாதம் மாலை நாலு மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 500 வாட்டுக்கு மேல் வெயில் அடிக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். உச்சி வெயிலுக்கு உதவும் சன்ஷேடு, சாய்ந்து வரும் மேற்கு வெயிலுக்கு ஈடுகொடுக்காது. உள்ளே திரை போட்டாலும் பயன் குறைவு, கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் அறைக்குள்தான் தங்கும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறம் ஒரு மூங்கில் தட்டி கட்டிப் பாருங்கள். எந்தக் கண்ணாடியையும்விட அது குறைந்த செலவில் வீட்டைக் காக்கும்.

காற்றையும் யோசிக்க வேண்டும். எரிசக்தித் திறன் செயலகத்தின் 2018 ஆம் ஆண்டு ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் கட்டப்படும் வீடுகளுக்கு, திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஆறில் ஒரு பங்கு. இரண்டு கதவு உள்ள ஸ்லைடிங் ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். முழுதாகத் திறந்த மர ஜன்னலைக் கழற்றிவிட்டு ஸ்லைடிங் போட்டால், மதியம் வீசும் கடற்காற்றில் பாதியைக் காசு கொடுத்து அடைத்ததாகிவிடும். மாற்றத்தான் வேண்டும் என்றால் கீல் வைத்துத் திறக்கும் வகையைக் கேளுங்கள்.

அப்படியானால் எப்போது மாற்றலாம்? சட்டத்தில் கரையான் ஏறிவிட்டதா, இரும்புச் சட்டம் துருப்பிடித்து உப்பிப் பூச்சையே பிளக்கிறதா, தயங்க வேண்டாம். பேருந்துச் சாலையை ஒட்டிய படுக்கையறை என்றாலும் மாற்றுவது தகும். ரப்பர் கேஸ்கெட்டும் லேமினேட்டட் கண்ணாடியும் இரைச்சலை நன்றாகவே குறைக்கும், ஜன்னல் மூடியிருக்கும்வரை. மேல்மாடியில் ஐப்பசி மழை சாரலாக அடித்துத் தரை நனைகிறது என்றாலும் காரணம் நியாயமானதே. ஆனால் ஒழுகல் எங்கிருந்து என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் தண்ணீர் வருவது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள விரிசலில். அந்த விரிசலை அடைக்காமல் ஜன்னலை மட்டும் மாற்றினால் புது ஜன்னலும் ஒழுகும்.

மழைக்காலத்தில் இறுகுகிறது, கொண்டி விழவில்லை, கொசு வருகிறது என்பவையெல்லாம் மாற்றக் காரணமே அல்ல. நல்ல தேக்காக இருந்தால் தச்சர் ஒருவர் இழைத்து, கீல் மாற்றி, வலைச்சட்டம் அடித்துக் கொடுத்துவிடுவார். அந்த மரம் இன்னும் பல பத்தாண்டுகள் உழைக்கும்.

மாற்ற முடிவெடுத்தவர்கள் மதிப்பீட்டுச் சீட்டில் எது இல்லை என்று பார்க்க வேண்டும். பழைய மர ஜன்னல்களில் கம்பிகள் சட்டத்திலேயே கோக்கப்பட்டிருக்கும். சட்டம் போனால் கம்பியும் போகும், புது கிரில் தனிச் செலவு. உடைந்த பூச்சைச் சரிசெய்வதும் பெயின்ட் அடிப்பதும் அப்படியே. யுபிவிசி சட்டத்துக்குள் இரும்புக் குழல் வைக்கிறார்களா, எவ்வளவு தடிமன் என்பதை எழுதி வாங்குங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது சென்னையில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியது. அந்த வேகத்தில் சட்டம் வளையாமல் நிற்க உள்ளிருக்கும் இரும்புதான் துணை. அடுக்குமாடி என்றால் முன்பணம் கொடுக்கும் முன் சங்கத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். கழற்றிய தேக்கை ‘நாங்களே எடுத்துக்கொண்டு போகிறோம்’ என்று வேலையாட்கள் சொன்னால், பழைய மரக்கடையில் விலை விசாரித்த பிறகு பதில் சொல்லுங்கள்.