மாதிரியிலிருந்து மென்பொருளுக்கு

பாரிசு மாநகரின் 14ஆம் எண் மெட்ரோ தடம் 1998ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்டது. அத்தடத்தில் ஓடும் தொடர்வண்டிகளில் ஓட்டுநர் இல்லை. வேகத்தைக் குறைப்பதும் நிலையத்தில் நிறுத்துவதும் கதவுகளைத் திறப்பதும் மென்பொருளின் பொறுப்பாகும். ஒரு வரி பிழைபட்டாலும் உயிர்ச்சேதம் நேரக்கூடும். ஆகவே, பாதுகாப்புக்குரிய மென்பொருளை உருவாக்கியோர் நேரடியாக நிரல் எழுதத் தொடங்கவில்லை. முதலில் மாதிரியை எழுதினர்.

பகுப்பாய்வு மாதிரி, 'என்ன நிகழவேண்டும்' என்பதை மட்டுமே கூறும். 'ஒரே தடப்பகுதியில் ஒரே நேரத்தில் இரு வண்டிகள் இருத்தல் கூடாது' என்பது போன்ற விதிகள் அதில் கணிதக் குறியீடுகளாக இடம்பெறும். எந்தக் கணினி, எந்த நிரல்மொழி என்னும் பேச்சே அங்கு எழாது.

அம்மாதிரியிலிருந்து மென்பொருளின் கட்டமைப்பை வருவிப்பதே கடினமான படி. மேற்கண்ட விதியைக் காப்பது யார்? வண்டியிலுள்ள கணினி தன் வேகத்தை நன்கறியும். பிற வண்டிகள் இருக்குமிடத்தைத் தானாக அறியாது. தடத்தோரக் கணினி அனைத்து வண்டிகளையும் அறியும். ஆனால், அதன் செய்தி வந்துசேரும்வரை தடை போடக் காத்திருக்க இயலாது. எனவே, இத்தகைய தடங்களில் பொறுப்பு பகிர்ந்தளிக்கப்படுகிறது. எதுவரை செல்லலாம் என்பதைத் தடத்தோரக் கணினி அறிவிக்கும். அவ்வெல்லையைக் கடவாமல் வண்டிக் கணினி தடுக்கும். இப்பகிர்வு பகுப்பாய்வு மாதிரியில் எழுதப்பட்டிருப்பதன்று. கால அளவு, தொலைவு, கருவி பழுதுபடும் வாய்ப்பு ஆகியவற்றையும் சேர்த்தெண்ணியே பொறியாளர் அதனை முடிவு செய்கின்றனர். மாதிரியைக் கொடுத்தால் கட்டமைப்பைக் கருவியே தந்துவிடும் என்பது மிகையான நம்பிக்கை.

இம்முடிவுகளை மாதிரியில் படிப்படியாகச் சேர்க்கப் பாரிசுத் திட்டத்தில் பயன்பட்டது, பிரெஞ்சு அறிஞர் ழான் ரேமோன் அப்ரியால் வகுத்த 'பி' முறையாகும். ஒவ்வொரு படியும் முந்தைய படியோடு முரண்படவில்லை என்பதை இதில் கணித முறையில் நிறுவவேண்டும். அங்ஙனம் எழுதப்பட்ட மாதிரி ஏறத்தாழ 1,15,000 வரிகளைக் கொண்டது. அதிலிருந்து ஏறத்தாழ 86,000 வரிகள் கொண்ட அடா மொழி நிரல் பெறப்பட்டது. (அம்மொழியின் பெயர், கணினி நிரலாக்க முன்னோடி அடா லவ்லேசை நினைவூட்டுவது.) நிறுவவேண்டியவை ஏறத்தாழ 27,800. அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கணினியே முடித்தது. எஞ்சியவற்றிற்கு மனித உழைப்பு தேவைப்பட்டது.

இதன் பயனாக, நிறுவப்பட்ட நிரலின் சிறுபகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் வேலை கைவிடப்பட்டது. எனினும், முழு அமைப்பையும் தடத்திலேயே இயக்கிப் பார்க்கும் சோதனை கைவிடப்படவில்லை. நிரல் மாதிரியோடு பொருந்துகிறது என்பதையே கணிதம் காட்டும். தேவையான விதி ஒன்று மாதிரியிலேயே விடுபட்டிருந்தால் அதனைக் காட்டாது. அச்சோதனைகளில், நிறுவப்பட்ட நிரலில் பிழை ஏதும் காணப்படவில்லை.