சுளுக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

சம்பா அறுவடை நெருங்கும் பொங்கல் சமயத்தில் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் மின்னொளிக் கபடி நடக்கும். இந்த மண்ணின் திருச்சனம்பூண்டியிலிருந்து போன தர்மராஜ் சேரலாதன்தான் 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை ஏற்று புரோ கபடிக் கோப்பையை வென்றவர். அவர் பேர் வாங்கியது ஆங்கிள் ஹோல்டில். பாடி வருகிற ரைடரின் கணுக்காலைக் கவ்வி நிறுத்திவிடுவார். கபடியில் பிடிபடுவதும் கணுக்கால்தான், அடிக்கடி பிசகுவதும் அதுதான்.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் இரு பக்கமும் இறங்கி நிற்க, நடுவே தாலஸ் என்ற எலும்பு பொருந்தியிருக்கிறது. இதன் முன்பகுதி அகலம், பின்பகுதி குறுகல். பாதம் தரையில் முழுக்கப் படிந்திருந்தால் அகலமான பகுதி இடுக்குக்குள் இறுகிக்கொள்ளும். விரல் நுனி கீழ்நோக்கி நீண்டால் குறுகிய பகுதி உள்ளே வந்து மூட்டு தளரும். எதிரணியைக் கால் நுனியால் தொட, அதாவது டோ டச் எடுக்க, காலை நீட்டும் ரைடரின் கணுக்கால் இந்தத் தளர்ந்த நிலையில்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்து மூலையில் நிற்கும் தடுப்பாட்டக்காரர் கையில் அது சிக்கி, உடம்பு நடுக்கோட்டுப் பக்கம் திரும்பினால் பாதம் உள்பக்கமாக மடங்கும். தாவி இறங்கும்போது இன்னொருவர் பாதத்தின் மேல் மிதித்துவிட்டாலும், தரை வெடிப்பில் கால் வைத்தாலும் இதே கதைதான். காய்ந்த வண்டல் களி வெடிக்கும் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரும்பாலும் அடி வாங்குவது வெளிப்பக்க ஜவ்வு. அங்கே மூன்று இருக்கின்றன. தாலஸை வெளி எலும்போடு முன்பக்கம் இணைப்பதுதான் மூன்றிலும் மெலிந்தது, அதுதான் முதலில் விட்டுப்போகும். இழுபட்டதோடு நிற்கலாம், பாதி கிழியலாம், முழுதும் அறுந்தும் போகலாம். ஜவ்வு முழுதும் அறுந்தவர்களிலும் பலருக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே ஆறிவிடுகிறது.

எலும்பு முறிவா, வெறும் சுளுக்கா? கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் மருத்துவர் இயன் ஸ்டீல் குழுவினர் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள். அடிபட்டவுடனும் சரி, மருத்துவமனையிலும் சரி, நாலு எட்டு எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்கால் முண்டுகளின் பின் ஓரத்தையோ நுனியையோ அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? பாதத்தின் நடுப்பகுதி எலும்பில் வலிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

நம் ஊரில் அதற்கு முன்பே எண்ணெய்க் கிண்ணம் வந்துவிடும். சூடு காட்டி நீவுவார்கள். கால் முன்னே பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வதும் உண்டு. மிதித்தவருக்குக் கிடைக்கும் பெயரில் பெரும்பங்கு தானாக ஆறும் உடம்புக்குச் சேர வேண்டியது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் அழுத்தி நீவுவதும் ஒத்தடச் சூடும் உள்ளே ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். அந்த நாட்களில் துணி சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுங்கள், கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள், காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். ஐஸ் வலியைக் குறைக்கும், ஜவ்வை ஒட்டவைக்காது. ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தல் என்ற முறையை 1978இல் பரப்பிய கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் மாற்றிச் சொன்னார். முறிவு இல்லையென்றால், வலி பொறுக்கும் அளவுக்குச் சீக்கிரமே ஊன்றி நடப்பதுதான் இன்றைய மருத்துவம்.

வலி பெரும்பாலும் இரண்டு வாரத்தில் குறைந்துவிடும். பையன் மறுபடி களத்தில் இறங்குவான். அதே கால் மறுபடி மடங்கும். ஏன்? 1965இல் இங்கிலாந்தின் மருத்துவர் ஃப்ரீமன் ஒரு விளக்கம் தந்தார். மூட்டைச் சுற்றி, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நரம்பு மண்டலத்துக்கு ஓயாமல் தெரிவிக்கும் நரம்பு முனைகள் உண்டு. ஜவ்வு கிழியும்போது அவையும் கெடுகின்றன. ஜவ்வு ஒட்டினாலும் அந்தச் செய்தி சரியாகப் போவதில்லை. பாதம் மடங்கும் வேகத்துக்குத் தசை விழித்துக்கொண்டு தடுக்க நேரமும் கிடையாது. கால் தரையைத் தொடுமுன்பே சரியான கோணத்துக்கு வந்திருக்க வேண்டும். அதைப் பழக்கினால்தான் வரும்.

பழக்குவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். அது எளிதானதும் கண்ணை மூடி நில்லுங்கள். பிறகு மடித்த சாக்கின் மேல் நின்று, கூட்டாளியை லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். குதிகாலைத் தூக்கி இறக்கிக் கெண்டைக்காலையும், ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுத்து அந்தப் பக்கத் தசையையும் வலுவாக்குங்கள். ஃப்ரீமன் தம் நோயாளிகளுக்குக் கொடுத்ததும் ஆடும் பலகை மேல் நிற்கும் பயிற்சிதான். சில வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். சலிப்பூட்டும் வேலை, அதனால்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

களத்துக்குத் திரும்பலாமா என்று வலியைக் கேட்காதீர்கள். அடிபட்ட காலில் மட்டும் நொண்டியடித்துப் போய், திரும்பி, பக்கவாட்டில் தாவிப் பாருங்கள். மற்றக் கால் செய்வதை அதுவும் செய்தால் இறங்கலாம். முன்பு ஒருமுறை சுளுக்கியவர்கள் அந்த சீசன் முழுக்கப் பிரேஸோ டேப்போ போட்டுக்கொண்டு ஆட வேண்டும்; மறுசுளுக்கைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த வழிகளில் இதுவும் ஒன்று.