தோட்டத்துப் பாதை யாருடையது?

பசறை நகரிலிருந்து தோட்டமொன்றுக்குப் போக ஓட்டோ பிடித்தேன். பிரதான வீதியை விட்டுத் திரும்பும் முடக்கில் சாரதி அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார். "மழை பேஞ்சா இதுக்கு மேல ஏத்த முடியாது தம்பி. நடந்துதான் போகணும்."

நடந்தேன். குழிகளை நிரப்பிக்கொண்டு மழைநீர் பாதையின் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. மேல் லயத்து அக்கா ஒருவர், பிரசவ வலி கண்ட தன் மகளைக் கதிரையில் வைத்து இதே பாதையால் நாலு பேர் தூக்கிச் சென்ற இரவைப் பற்றிச் சொன்னார். பாதையைத் திருத்தித் தரும்படி யாரிடமாவது கேட்டீர்களா என்றேன்.

"சபைக்குப் போனா இது கம்பனி றோடுங்கிறாங்க. தோட்டத்து ஒபிசுக்குப் போனா சபையில கேளுங்கிறாங்க."

இந்த அலைச்சலுக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு இருக்கிறது.

இலங்கையில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கும், சிறிய வீதிகள் உள்ளூராட்சி சபைகளுக்கும் உரியவை. தோட்டத்து உட்பாதைகளில் பெரும்பாலானவை இந்த வரிசைக்குள் வரவில்லை. கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக வெட்டப்பட்ட பாதைகள் அவை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் போனது. பாதைகளும் தோட்டத்தோடு சேர்ந்தே கைமாறின.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள், தங்கள் உறுப்பினர்களைச் சபைக்கு அனுப்பினார்கள். ஆனால் அந்தச் சபையால் லயத்து வாசலுக்கு ஒரு மதகு கட்டிக் கொடுப்பதே சிக்கலாக இருந்தது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது.

சட்டம் கதவைத் திறந்தாலும் அதற்கான பணத்தைக் கூடவே தரவில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலமும் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடங்களுக்கு மேல், கேள்வி கேட்பதற்கு மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் எவருமே இருக்கவில்லை.

கேட்காமல் போடும் பாதை

பணம் வரும் இடங்களிலும் வேறொரு குறை இருக்கிறது. எந்த முடக்கில் மண் சரியும், எந்த மதகு அடைபடும் என்பதை அங்கு வாழ்பவர்கள் அறிவார்கள். அவர்களிடம் கேட்காமல் கொங்கிரீட் போட்டால், அடுத்த மழைக்கே வெள்ளம் பாதையின் அடியை அரிக்கத் தொடங்கிவிடும்.

இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். 2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் இறந்தார்கள். சரிந்து விழுந்த பாறையொன்று அந்த இடத்தில் வீதியை ஒடுக்கியிருந்தது. அந்த வழியால் தினமும் போய்வந்தவர்கள் பாறையைப் பார்த்தவர்கள்தான். அவர்கள் சொல்வதைப் பதிந்து, திகதி போட்டு, பதில் தரும் ஏற்பாடுதான் நம்மிடம் இல்லை.

வன்னி வாசகர்களுக்கு இது புதிதல்ல. போருக்குப் பின் ஏ9 வீதி காப்பட் ஆனது. எந்த உள்வீதியை முதலில் திருத்துவது என்று கிராமத்து மக்களிடம் வந்து கேட்டவர்கள் எத்தனை பேர்? 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் இரண்டு இடத்து அனுபவத்தையும் அறிந்தவை.

மக்களைக் கேட்டு வீதி போடுவது முடியாத காரியமல்ல. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989இலிருந்து, எந்தத் தெருவை முதலில் செப்பனிடுவது என்பதை அந்தப் பகுதி மக்களே கூட்டம் கூடி வரிசைப்படுத்தினார்கள். ஏழைக் குடியிருப்புகளின் தெருக்கள் பட்டியலில் மேலே வந்தன.

நம் கையில் உள்ள வழிகள்

நமது சட்டத்திலும் இடமுண்டு. பிரதேச சபைகள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, சபைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்க்கலாம். உங்கள் தோட்டத்திலிருந்து ஒருவரை, அதிலும் கொழுந்துக் கூடையோடு தினமும் அந்தப் பாதையில் நடக்கும் பெண் ஒருவரை, நியமிக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இரண்டாவது வழி. பாதை யார் பொறுப்பில் இருக்கிறது, இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, கொந்தராத்து யாருக்குப் போனது என்று எவரும் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அதே சட்டத்தின் 9ஆவது பிரிவு, உள்ளூர் நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டங்களின் விபரங்களை, வேலை தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்பே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அறிவிக்கச் சொல்கிறது.

நான் போன தோட்டத்தில் கோயில் கமிட்டி இளைஞர்கள் கொப்பித் தாளில் பாதையை வரைந்து வைத்திருந்தார்கள். உடைந்த மதகு, மண் சரியும் முடக்கு, பிள்ளைகள் வழுக்கி விழும் இறக்கம் என எல்லாமே அதில் இருந்தன. எந்தப் பொறியியலாளரும் அங்கிருந்தே வேலையைத் தொடங்கலாம்.

புறப்படும்போது அந்த அக்கா கேட்டார்: "இத எழுதினா றோடு வருமா தம்பி?"

வரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வரைபடத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சபைக்கும் மற்றதைத் தோட்டத்து ஒபிசுக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கி வைக்கச் சொன்னேன். அடுத்த தடவை இரண்டு பக்கமும் கையை விரித்தால், காட்டுவதற்கு அந்தத் தாளாவது இருக்கும்.