சூடான கார் ஏன் மறுபடி ஸ்டார்ட் ஆகுதில்லை?



ராத்திரியில் பிரசவ வலி வந்த பிள்ளையைப் பழைய மொரிஸ் மைனரில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வழியில் லொறி குறுக்கே நிற்கிறது; ஐந்து நிமிஷம் எஞ்சினை நிப்பாட்டுகிறோம். பிறகு ஸ்டார்ட் ஆகாது. டிரைவர் மிதிமிதியென்று மிதிப்பார், பெற்றோல் மணக்கும், பெட்டரியும் இறங்கிப்போகும். நாங்களும் அப்படி வீதியில் நின்றவர்கள்தான்.

1948 இல் வந்த இந்த வண்டியில் கார்பரேட்டர், புகை போகும் மனிபோல்டுக்கு மேலேயே இருக்கிறது. நிப்பாட்டினால் காத்துப் படாது. சூடு மேலே ஏறி, கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிகிறது. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் தண்ணியே 94 பாகையில் கொதிக்கும், பெற்றோலைக் கேட்கவா வேணும்!

சூடு ஆறியதும் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்க. டோர்ச் மட்டும் பிடியுங்க, குப்பி லாம்பு கிட்டவே வேண்டாம். பிளக் காய்ந்திருந்தால் குழாயில் ஆவி அடைத்திருக்கு. பம்பை ஈரத்துணியால் ஆற்றணும். நனைந்திருந்தால் பெற்றோல் கூடிப்போச்சு. பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, பெடலை அடிவரை ஒரே மிதியாகப் பிடித்தபடி ஸ்டார்ட் பண்ணுங்க. திரும்பத் திரும்ப மிதிக்கக் கூடாது. எஞ்சின் பிடித்ததும் பெடலை விடுங்க.

குளிர்ந்த வண்டியிலும் இதே தொல்லையா? எஞ்சின் ஓடாமல் சுவிட்சை மட்டும் போடுங்க. பம்பின் டிக்டிக் சத்தம் கொஞ்சத்தில் நிற்கணும். நிற்காமல் பெற்றோல் சொட்டினால் ஊசி வால்வில் அழுக்கு, இல்லாட்டி மிதவை ஓட்டை. மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்க. உள்ளே பெற்றோல் குலுங்கினால் புதுசுதான் போடணும்.