பாலை காத்த நாடு

எகிப்தின் படத்தை விரித்துப் பார்க்கும் அன்பர்கள், அதில் பெரும்பகுதி மணலாக இருக்கக் காண்பர். மக்கள் வாழ்ந்ததோ நைல் நதிக்கரையின் ஒடுங்கிய வயல்வெளியில்தான். வண்டல் படிந்த அந்நிலத்தைக் ‘கருநிலம்’ என்றும், அப்பாலிருந்த பாலையைச் ‘செந்நிலம்’ என்றும் பண்டை எகிப்தியர் வழங்கினர். செந்நிலம் சோறு தரவில்லை. ஆயினும் கருநிலத்துக்குக் காவல் நின்றது அதுவே.

மேற்கே சகாரா, கிழக்கே செங்கடல் வரை வறண்ட மலைகள், வடக்கே கடலும் கழிமுகச் சதுப்பும். தெற்கே, அஸ்வானுக்கும் கார்ட்டூமுக்கும் இடையே ஆறு இடங்களில் நைல் பாறைகளுக்கிடையே சுழித்துப் பாய்கிறது. அங்கே படகு செலுத்துவது அரிது. அஸ்வானுக்கு வடக்கே அதே நதி சாந்தமாக ஓடுகிறது. நீரோட்டம் படகை வடக்கே இழுக்கும்; வாடைக்காற்று பாயைத் தெற்கே உந்தும். வெளியார்க்கு மதில், உள்ளோர்க்கு ராஜபாட்டை! கி.மு. 3100 அளவில் ஒரு முடியின்கீழ் வந்த அந்நாடு, 1,400 ஆண்டுகளுக்கு மேல் அயலார் ஆட்சியை அறியாதிருந்ததற்கு இது ஒரு பெருங்காரணம். உட்பூசலை மட்டும் எந்தப் பாலையும் தடுக்கவில்லை.

அரசர்களும் இயற்கையை நம்பி வாளாவிருக்கவில்லை. இரண்டாம் பாறைத்தடையருகே புஹேன், செம்னா முதலிய இடங்களில் செங்கற்கோட்டைகள் எழுப்பினர்.

வடகிழக்கே சினாய்ப் பக்கம் ஒரு வாயில் இருந்தது. அவ்வழியே வந்து கழிமுகத்தில் குடியேறிய ஆசிய மக்களிலிருந்து தோன்றிய ஹிக்ஸோஸ் மன்னர், கி.மு. 1650 அளவில் ஆட்சியைக் கைப்பற்றினர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அவர்கள் விரட்டப்பட்டனர். கி.மு. 671-இல் வந்த அசீரிய மன்னன் எசர்ஹத்தோனுக்கு, அரேபியரின் ஒட்டகங்கள் சினாயில் தண்ணீர் சுமந்தன. கி.மு. 525-இல் பாரசீகரும் அரேபியர் துணையோடே அப்பாலையைக் கடந்தனர். ஆக, அம்மதிலின் பூட்டு மணலன்று, தாகமே. நீராவி எஞ்சின்களுக்கு நீர் சேர்க்கப் பட்ட பாட்டை மூத்த ரயில்வே ஊழியர் சொல்லக் கேட்டிருக்கும் எனக்கு இது விளங்குகிறது.

தெற்கு வாயிலைத் திறந்தது எங்கள் இனமான இருப்புப்பாதையே. 1897-இல் சூடானின் மீது படையெடுத்த ஆங்கிலேயர், வாடி ஹல்ஃபாவிலிருந்து அபு ஹமது வரை, நைலின் பெரிய வளைவை விட்டுப் பாலை நடுவே பாதையிட்டனர். மூன்று பாறைத்தடைகள் ஒருங்கே விலகின. வழியில் இரண்டிடங்களில் கிணறு தோண்ட, நீரும் ஊறியது.

1970-இல் நிறைவெய்திய அஸ்வான் உயர் அணையால் தேங்கிய ஏரியில், இரண்டாம் பாறைத்தடையும் அதைக் காத்த புஹேன் கோட்டையும் இன்று மூழ்கிக் கிடக்கின்றன.