மோட்டாருக்கும் ஒரு மாடி வீடு

பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவே இருக்கிறது கீரனூர். இந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் முன்பு மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று டிராக்டர் நிற்கிறது. பக்கத்தில் ஒரு கார். திண்ணையோரம் இரண்டு மோட்டார் சைக்கிள்கள். உழவு யந்திரத்துக்குக் கொழு மாற்றவும், மோட்டார் பம்பைக் கழற்றி மாட்டவும், உடைந்த கேட்டைப் பற்றவைக்கவும் ஓர் இடம் தேவைப்படுகிறது. ஆகவே, வசதியுள்ளவர்கள் பலருக்கு ஓர் ஆசை வருகிறது: கீழே பெரிய மோட்டார் ஷெட், அதன் ஓரத்தில் பட்டறை, மேலே மகனோ மருமகனோ குடியிருக்க மாடி.

ஆசை நியாயமானதுதான். ஆனால் பெட்ரோலும் நெருப்பும் புழங்கும் இடத்துக்கு மேலே மனிதர்கள் படுத்துத் தூங்கப் போகிறார்கள் என்பதை மறந்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடக்கூடாது.

பழனிச் சாலையில் பிறந்த தொழில்

மோட்டார்த் தொழிலுக்கும் பழனிச் சீமைக்கும் பழைய உறவு உண்டு. கோவை ஜி.டி. நாயுடு, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை விட்டுத்தான் தம் தொழிலை ஆரம்பித்தார். அதற்கும் முன்னால், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை ஆசைப்பட்டு விலைக்கு வாங்கி, அக்கு அக்காகக் கழற்றி, மறுபடியும் பூட்டித்தான் அவர் யந்திர ஞானம் பெற்றார். கல்லூரி வாசலை மிதிக்காதவருக்குப் பட்டறையே கல்லூரியாயிற்று. 1937-ல் மின்சார மோட்டார் தயாரித்ததும் அந்தப் பயிற்சியின் பலன்தான். வீட்டோடு ஒரு பட்டறை இருந்தால் ஐ.டி.ஐ. படித்த பையனுக்குக் கையில் வேலை பழகும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சல்ல.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு தம் முதல் வண்டியை டெட்ராய்ட் நகரில், வாடகை வீட்டின் பின்புறக் கொட்டகையில்தான் கட்டினார். 1896 ஜூன் 4-ந் தேதி விடியுமுன் வண்டி தயாராகிவிட்டது. வெளியே தள்ளப் பார்த்தால், வாசல் குறுகல்! கோடரியை எடுத்துச் செங்கல் சுவரை இடித்துத்தான் வண்டியை வீதிக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு உலகத்துக்கே கார் செய்து கொடுத்த மேதாவிக்கே வாசல் அளவு தப்பியது என்றால், நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்!

முதலில் அளவுநாடா

இன்றைய பெரிய கார் சுமார் 15 அடி நீளம், 6 அடி அகலம். இரு பக்கமும் கதவைத் திறந்து இறங்கவும், முன்னும் பின்னும் சுற்றி வரவும் இடம் விட்டால், ஒரு வண்டிக்கு 12 அடிக்கு 20 அடி வேண்டும். டிராக்டருக்கும் அதே அளவு. டிரெய்லருக்கு வேறு இடம். பட்டறைக்கும் அதே அளவு என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 36 அடிக்கு 20 அடி, அதாவது 720 சதுர அடி. சுவர் கனம் தனி.

வாசல் அகலம் 10 அடி, உயரம் 9 அடி இருக்கட்டும். கூரை போட்ட டிராக்டரும் நுழையும். நடுவில் தூண் வைத்தால் வண்டி திருப்பும்போதெல்லாம் வம்பு. ஆகவே 20 அடிக்குக் குறுக்கே உத்தரங்களைப் போட்டு, தூண்களை வாசல்களுக்கிடையே சுவரோடு நிறுத்திவிடலாம். அவ்வளவு நீள உத்தரம் ஒன்றரை அடிக்கு மேல் ஆழம் கேட்கும். அதைக் கழித்துத்தான் உயரத்தைப் பார்க்கவேண்டும். தரையிலிருந்து மாடித் தளம்வரை 12 அடி என்பது நல்ல கணக்கு. எஞ்சினைத் தூக்கச் சங்கிலிக் கப்பி தொங்கவிடும் எண்ணம் இருந்தால், கம்பி கட்டுமுன்பே எஞ்சினீயரிடம் சொல்லிவிடவேண்டும். பிறகு துளை போட்டு மாட்டுவது ஆபத்து.

12 அடி ஏற அரையடிப் படியாக 24 படிகள். இரண்டு மடிப்பாகப் போட்டால் மாடிப்படிக்கு 13 அடி நீளம், 7 அடி அகலம் போய்விடும். இதைப் பலர் மறந்துவிட்டு, கடைசியில் பட்டறையில் பாதியைப் படிக்குப் பறிகொடுக்கிறார்கள்.

காற்று எந்தப் பக்கம்?

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்று இந்தச் சமவெளியில் புழுதியை அள்ளி வீசும். மேற்கே வாசல் வைத்தால் ஷட்டர் தடதடக்கும். உளியிலும் ரம்பத்திலும் மண் படியும். வாசல் கிழக்கே அல்லது வடக்கே இருக்கட்டும். வேலை மேஜைக்கு வடக்கு ஜன்னல் வெளிச்சம் நல்லது; கண்ணும் கூசாது, நிழலும் விழாது. தரை, வாசலை நோக்கி 20 அடிக்கு இரண்டரை அங்குலம் சரிந்தால் கழுவிய தண்ணீர் தேங்காது.

உயிர் விஷயம்

மூடிய ஷெட்டில் ஓடும் எஞ்சின் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவைக் கக்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவன் விழிக்கவே மாட்டான். அதனால் மாடிப்படி வெளியே இருக்கவேண்டும். ஷெட்டுக்குள்ளிருந்து மாடிக்கு எந்தத் துவாரமும் கூடாது. தளம் மரப்பலகையாக இல்லாமல் கான்கிரீட்டாக இருக்கவேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் மேலும் கீழும் காற்றுவழி அவசியம்.

கீழே எதற்கு என்று கேட்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். எனவே, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கக் குழி தோண்டும் யோசனையைக் கைவிடுவதே மேல். ஒரு பல்பு உடைந்தால் போதும், குழி கொள்ளிக் கிடங்காகிவிடும். சாய்தளமோ இரும்புத் தாங்கியோ வைத்துக்கொள்ளலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கக்கூடாது.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் அதை மாடிப்படிக்கடியில் சார்ஜ் போடுகிறார்கள். பாட்டரி தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் இறங்கி ஓட வழி ஏது? அதற்குப் படியைவிட்டு விலகிய, காற்றோட்டமான இடம் வேண்டும். வெல்டிங்கிற்கும் கம்ப்ரஸருக்கும் தனி மின்கம்பி, நல்ல எர்த், கசிவு கண்டால் துண்டிக்கும் ஸ்விட்ச் மூன்றும் கட்டாயம்.

கட்டுமுன் பேரூராட்சியில் வரைபட அனுமதி வாங்கவேண்டும். ஊரார் வண்டிகளையும் கூலிக்குப் பழுது பார்ப்பதாயிருந்தால், தொழில் உரிமமும் அதற்குரிய மின் இணைப்பும் தனி. வீட்டுக் கரண்டில் ஒப்பேற்ற முடியாது.

கையில் பணம் குறைவா? அஸ்திவாரத்தையும் தூண்களையும் மாடிக்கேற்றபடி இப்போதே போட்டு, கீழ்த்தளத்தை முடித்து, தூண்கம்பிகளை மேலே விட்டு, துருப்பிடிக்காதபடி மூடி வைக்கலாம். மாடி இரண்டு வருஷம் பொறுத்து வரட்டும். பலமில்லாத அஸ்திவாரத்தின்மேல் அவசரப்பட்டு எழும் மாடிதான் குடும்பத்தின் சேமிப்பையும் நிம்மதியையும் ஒருங்கே விழுங்கிவிடும்.