படகு வீட்டுக்காரர்கள் ஊருக்கு வரும்போது

மழைக்கால மாதங்களில் லங்காவிப் பக்கம் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் படகுத்துறைகளையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கடலில் மிதக்க வேண்டிய பாய்மரப் படகுகள் சில, கரையில் இரும்புத் தாங்கிகள்மேல் நிற்கும். பாய் கழற்றப்பட்டிருக்கும். ஏணியைக்கூட எடுத்து மடித்துக் கட்டியிருப்பார்கள். ஆள் நடமாட்டம் இருக்காது. உரிமையாளர்கள் எங்கே என்று காவலரிடம் கேட்டால், "ஊருக்குப் போயிருக்காங்க" என்பார்.

இந்தப் படகுகள் வார இறுதியில் மீன் பிடிக்கப் போகிறவர்களின் படகுகள் அல்ல. அதிலேயே சமைத்து, உறங்கி, ஆண்டுக் கணக்கில் வாழ்கிறவர்களின் வீடுகள். அப்படியானால் அவர்கள் போயிருக்கும் 'ஊர்' எது?

உலகம் முழுவதும் இவர்களுடைய விடுமுறையைக் காற்றுதான் முடிவு செய்கிறது. அட்லாண்டிக் பகுதியில் சூறாவளிக் காலம் ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் கரிபியன் கடலில் இருப்பவர்கள் படகைத் தெற்கே கிரெனடா, டிரினிடாட் போன்ற இடங்களில் கரையேற்றிவிட்டு விமானம் ஏறுகிறார்கள். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம் என்பதால் பலர் நியூசிலாந்துக்கு ஒதுங்குகிறார்கள். புயல் மாதங்களில் படகு குறிப்பிட்ட பகுதிக்குள் இருந்தால் இழப்பீடு கிடையாது என்று எழுதிவைக்கும் காப்புறுதிகளும் உண்டு. ஆக, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் எந்த மாதத்தில் வந்தாலும், தாத்தா வருவது புயல் மாதத்தில்தான்.

இது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அந்தமான் கடலின் மொக்கேன் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே வாழ்ந்தவர்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் தீவுக் கரையில் குடிசை போட்டுத் தங்கி, காற்று மாறியதும் மீண்டும் கடலுக்குள் போய்விடுவது அவர்கள் வழக்கம். நம் சபாவில் செம்பூர்ணாப் பக்கம் பாஜாவ் லாவுட் மக்களைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். 'கேட்டமரன்' என்று இன்று உலகமே சொல்லும் இரட்டை உடல் படகின் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. பெயரைக் கொடுத்துவிட்டு நாம் கரையில் நின்றுவிட்டோம்.

எங்கள் குடும்பத்தில் இருவர் நிற்கவில்லை. என் சித்தப்பா சரக்குக் கப்பல்களில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தி தமிழ்ப்பள்ளி ஆசிரியை, விருப்ப ஓய்வு வாங்கியவர். ஷா ஆலாமில் இருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, 36 அடி நீளமுள்ள ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி லங்காவியில் குடியேறிவிட்டார்கள். ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. "பெரிய பணக்காரங்க போலிருக்கு" என்று உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள். சித்தப்பா கொடுத்த விலை ஒரு புதிய ஜப்பானியக் காடியின் விலைதான். அந்தக் காடியைப் போலவே அதுவும் ஆண்டுதோறும் பணம் தின்கிறது என்பது வேறு விஷயம்.

கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவர்கள் கிளம்பி வருவதே ஒரு வேலை. நாம் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுவதுபோல் படகைப் பூட்டிவிட்டு வர முடியாது. அதைத் தூங்க வைக்க மூன்று நாள் ஆகும் என்பார் சித்தப்பா. முன்பாயைக் கழற்றி உள்ளே மடித்து வைக்க வேண்டும். விடியற்காலையில் திடீரென வீசும் சுமத்ராக் காற்றில் அது தானாக விரிந்தால், பாய் கிழிவதோடு பாய்மரமே சாய்ந்துவிடக்கூடும். படகின் அடியில் கடல்நீர் வரும் குழாய்களை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். அடித்தளத்தில் தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடி இறைக்கும் பம்பு வேலை செய்கிறதா, அதற்கு மின்சாரம் கொடுக்கும் சோலார் பலகையில் பறவை எச்சம் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுக் கயிறுகளை இரட்டிப்பாக்கி, உரசும் இடத்தில் பழைய குழாய்த் துண்டைச் செருக வேண்டும். குளிர்பெட்டியைக் காலி செய்து கதவைத் திறந்தே வைக்க வேண்டும். மாவு, பருப்பு எதையும் விட்டுவைக்கக் கூடாது. வண்டு வந்துவிடும். நம் நாட்டு ஈரப்பதத்தில் பூட்டிய படகுக்குள் இரண்டே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், சித்தி மரச்சுவர் முழுவதையும் வினிகர் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் கைப்பையை எடுப்பார்.

பிறகு சாவியைப் பக்கத்துப் படகுக்காரரிடம் கொடுப்பார்கள். அங்கே அது எழுதப்படாத ஏற்பாடு: இவர்கள் ஊருக்குப் போகும்போது அவர், அவர் போகும்போது இவர்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை லங்காவியின் படகுத்துறைகளையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் தேதியைச் சொல்லாமல் சாவியைக் கொடுப்பவர்கள் குறைவு என்கிறார் சித்தப்பா.

அடுத்து கோலக் கெடாவுக்கு ஃபெரி, அலோர் ஸ்டாரிலிருந்து இரயில். மாலையில் எங்கள் வீட்டு வாசலில் இருவரும் நிற்கும்போது பாட்டி கேட்கும் முதல் கேள்வி, "படகை யாரு பார்த்துக்குறா?"

கரைக்கு வந்த முதல் இரண்டு நாள் அவர்களுக்குத் தரை ஆடும். நீண்ட நாள் கடலில் இருந்தவர்களின் மூளை அசைவுக்குப் பழகிவிடுவதால் நிலையான தரைதான் அசைவதுபோல் தோன்றுமாம். சித்தி குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முகம் கழுவுவார். நள்ளிரவில் மழை பெய்தால் சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம். எங்கள் வீட்டு வாசலில் பார்ப்பதற்கு அம்மாவின் துளசிச் செடியும் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளும்தான் இருக்கின்றன. அதையாவது பார்த்துவிட்டு வந்து படுப்பார்.

முதல் ஆண்டு அவர்கள் 12 நாள் விடுமுறையில் 9 வீடுகளுக்குச் சென்றார்கள். "ஒன்பது வீட்டுலயும் கோழிக்கறி, ஒன்பது வீட்டுலயும் அதே கேள்வி" என்று சித்தி இன்றும் சொல்லிச் சிரிப்பார். கடற்கொள்ளையர் பயம் இல்லையா, குளிப்பது எப்படி, சலிப்பாக இல்லையா. கேள்விகள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு பேச்சு புதிய தலைமையாசிரியர், யாருடைய மகன் வீடு வாங்கினான், எந்தக் கோயிலில் தேர்தல் தகராறு என்று திரும்பிவிடும். அதில் கலந்துகொள்ள இவர்களிடம் எதுவும் இருக்காது. விருந்தாளி, தட்டு நிறையச் சோற்றோடு உட்கார்ந்திருப்பார்.

நண்பர்கள் விஷயம் இன்னும் கடினம். சித்தியின் பழைய ஆசிரியர் குழுவில் முதல் ஆண்டு உணவகத்துக்கு 14 பேர் வந்தார்கள். இரண்டாம் ஆண்டு ஐந்து பேர். புலனத்தில் "இந்தச் சனி முடியாது டீச்சர், அடுத்த தடவை கண்டிப்பா" என்று வரிசையாகச் செய்திகள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஊருக்கு வருகிறவருக்குத்தான் அது விடுமுறை. மற்றவர்களுக்கு அது சாதாரண வாரம்: பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்க வேண்டும், மாமியாருக்கு மருந்து வாங்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டு சித்தி உணவகத்தை விட்டுவிட்டார். ஒரு தோழியோடு ஞாயிறு காலைச் சந்தைக்குப் போய் மீன் வாங்கினார். இன்னொரு தோழியின் கணவருக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. அந்த மையத்தின் காத்திருப்பு அறையில் நான்கு மணி நேரம் தோழியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எனக்காக வேலையை நிறுத்த வேணாம்னு சொல்லிட்டேன். அவங்க வேலையில நான் போய் ஒட்டிக்கிறேன்" என்றார். அந்த நான்கு மணி நேரத்தில் பேசியது ஐந்து ஆண்டுப் பேச்சு என்று பிறகு அந்தத் தோழியே எங்கள் அம்மாவிடம் சொன்னார்.

இதில் பண்டிகைக் கணக்கு ஒன்றும் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச் வரை லங்காவிப் பகுதியில் வானம் தெளிவாக இருக்கும், காற்றும் சீராக இருக்கும். பாய் விரித்து வடக்கே தாய்லாந்துத் தீவுகளுக்குப் போக அதைவிட நல்ல காலம் இல்லை. பொங்கலும் தைப்பூசமும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. தீபாவளியோ மழை மிகுந்த நாட்களில் வருகிறது. ஆகவே தீபாவளிக்கு வருவார்கள், பொங்கலுக்கு வர மாட்டார்கள். நான்கு ஆண்டுகள் எங்கள் வீட்டுப் பொங்கல் பானையை அவர்கள் கைப்பேசித் திரையில் பார்த்தார்கள். அதுவும் அலை கிடைத்தால்.

கடந்த ஆண்டு ஜனவரியில் அலை கிடைக்கவில்லை. 82 வயதான பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்பா புலனத்தில் அனுப்பிய செய்தி ஒன்றரை நாள் ஒற்றைக் குறியோடு நின்றது. அவர்கள் புக்கெட்டுக்கு வடக்கே ஒரு தீவில் நங்கூரமிட்டிருந்தார்கள். செய்தி கிடைத்த பிறகும் உடனே ஓடிவர முடியாது. படகு மணிக்கு ஐந்து கடல் மைல் போகும், சுமார் 9 கிலோமீட்டர். சைக்கிள்கூட அதைவிட வேகம். புக்கெட்டுக்கு வந்து, படகை ஒரு துறையில் கட்டி, குடிநுழைவுத் தாள்களை முடித்துவிட்டு விமானம் ஏறினார்கள். நான்காம் நாள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. பாட்டி கண் திறந்து, "வந்துட்டியா தம்பி, சாப்பிட்டியா?" என்றார். சித்தப்பா வெளியே போய் நெடுநேரம் நின்றார்.

அன்றிரவு எங்கள் சமையலறையில் அண்ணன் தம்பிக்குள் நடந்த பேச்சை நான் கூடத்தில் இருந்து கேட்டேன். அப்பா குரலை உயர்த்தவில்லை. "நீ வந்தா அம்மாவுக்குத் தீபாவளி. நான் வெறும் திங்கட்கிழமை" என்றார். சித்தப்பாவிடமிருந்து பதில் வரவில்லை.

அப்பா சொன்னது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் நானும் பருவ விடுமுறைக்கு வீடு வருகிறவள்தான். பிள்ளை வந்திருக்கிறாள் என்று அம்மா நண்டு வாங்குவார். வீட்டிலேயே இருந்து கல்லூரிக்குப் போகும் தம்பிக்கு அந்த நண்டு என் புண்ணியத்தில்தான் கிடைக்கிறது. பாட்டியின் மாத்திரை நேரம் அவனுக்கு மனப்பாடம். வந்து போகிறவர்களுக்கு வரவேற்பு கிடைக்கிறது, இருப்பவர்களுக்கு வேலை கிடைக்கிறது.

சித்தப்பா அதன் பிறகு செய்தவற்றில் எதுவும் பெரியதில்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் ஒரு சிறு கருவி வாங்கினார். கைப்பேசி அலை இல்லாத கடலிலும் அப்பாவின் குறுஞ்செய்தி அதற்குப் போய்ச் சேரும். பாட்டியின் குளியலறையில், படகில் இருப்பதுபோலவே, கை எட்டும் தூரத்திலெல்லாம் எஃகுப் பிடிகள் பொருத்தினார். கடலோடிகளிடம் ஒரு விதி உண்டு: ஒரு கை வேலைக்கு, ஒரு கை பிடிப்பதற்கு. பாட்டிக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். இப்போது பாட்டி எங்களைத் திட்டுகிறார், "ரெண்டு கையிலயும் தட்டைத் தூக்கிட்டு நடக்காதே" என்று.

வருகையின் கணக்கையும் மாற்றினார்கள். தீபாவளிக்கு நான்கே நாள். அதற்குப் பதில், பண்டிகை எதுவும் இல்லாத மாதங்களில் மூன்று வாரம், ஆண்டுக்கு இருமுறை. அந்த மூன்று வாரமும் பாட்டி அவர்கள் பொறுப்பு: மருத்துவமனைத் தேதி, உடற்பயிற்சி, இரவில் எழுப்பிக் கழிவறைக்கு அழைத்துச் செல்வது எல்லாம். உறவினர் வீட்டு விருந்துகள் ரத்து. யாருக்காவது பார்க்க வேண்டுமானால் அவர்கள் இங்கே வரலாம். முதல் வாரத்தில் சித்தி மூன்று கிலோ இளைத்தார். "அக்கா, இதைத் தினமும் நீங்க எப்படிச் செய்றீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

பாட்டிக்கும் இந்தப் படகின்மேல் இப்போது ஓர் உரிமை வந்துவிட்டது. குளிர்பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும் சாப்பாடு எது என்று யாரும் அவருக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெங்காய வடகம், மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் சித்தியை வைத்துப் போட வைக்கிறார். பக்கத்துப் படகுக்காரர் மோர் மிளகாய்க்கு அடிமையாகிவிட்டாராம்.

வரும் ஆகஸ்டில் சித்தப்பாவும் சித்தியும் கிள்ளானுக்கு வருகிறார்கள். இந்த முறை அப்பாவும் அம்மாவும் அதே நாளில் லங்காவிக்குக் கிளம்புகிறார்கள், துறையில் கட்டியிருக்கும் அந்தப் படகில் பத்து நாள் தங்க. திருமணமாகி 24 ஆண்டுகளில் இருவரும் தனியாகப் போகும் முதல் பயணம். எங்கள் குளிர்பெட்டிக் கதவில் இப்போதே இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றில் பாட்டியின் மாத்திரைகள், அப்பாவின் கையெழுத்தில். மற்றொன்றில் படகுக் கழிவறையின் பம்பை எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று சித்தப்பா படம் போட்டு விளக்கியிருக்கிறார். அம்மா அந்த இரண்டாவது தாளைத்தான் தினமும் கவலையோடு படித்துக்கொண்டிருக்கிறார்.